இரண்டு மணி வண்டி

"மாத்திரைக்கு எப்படிம்மா தெரியும், எங்க வலிக்குதுன்னு?"

மகள் பள்ளிக்கூடம் சேராத வயதில் கேட்ட கேள்வி அது. அன்று அவளுக்குக் காய்ச்சல். அம்மா கொடுத்த அரை மாத்திரையை விழுங்கிவிட்டு, அது இறங்கும் வழியைத் தொண்டையிலிருந்து வயிறு வரை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். நாள் முழுக்க மாத்திரைகளோடு இருப்பவள். ஆனாலும் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுடா கண்ணு. அது ஊருக்குப் புதுசா வந்த ஆள் மாதிரி. எந்த வீட்டுக்குப் போகணும், எத்தனை மணிக்குப் போகணும்னு நாமதான் சொல்லி அனுப்பணும்."

"யாரு சொல்லுவா?"

"டாக்டர் சொல்லுவாரு. அப்புறம் நான் சொல்லுவேன்."

காய்ச்சல் விட்ட மறுநாளே அந்தப் பிள்ளை தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எங்கம்மா மாத்திரைக்கு வழி சொல்றவங்க" என்று அறிவித்துவிட்டு வந்தாள். இன்று அவள் அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். அந்தப் பட்டம் மட்டும் வீட்டில் அப்படியே நின்றுவிட்டது. மருந்தாளர் மாலையில் செருப்பைக் கழற்றும்போதே கணவர் உள்ளிருந்து, "வழி சொல்றவங்க வந்தாச்சு, வழிவிடுங்க" என்று குரல் கொடுப்பார். அவள் முறைப்பாள். ஆனால் மனதுக்குள் அவளுக்கு அதில் பெருமைதான். உலகத்தில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. தன் வேலையை ஒரு குழந்தைக்கு ஒரே வரியில் சொல்லிவிடும் பாக்கியத்தை ஆண்டவன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை என்று அவள் நம்பினாள்.

மருந்தகம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக ஒரு துவாரம். நோயாளிகள் குனிந்து அதன் வழியாகப் பேச வேண்டும். குனிய முடியாதவர்கள் வந்தால் மருந்தாளர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்று பேசுவாள். காலையில் கதவைத் திறக்கும் முன் கண்ணை மூடி ஒரு நொடி நிற்பாள். "இன்னிக்கு என் கையால யாருக்கும் கெடுதல் வரக்கூடாது" என்பதுதான் அவளுடைய பிரார்த்தனை. அதைவிட நீளமாக வேண்டிக்கொள்ள அவளுக்கு நேரமும் இருந்ததில்லை.

அந்த ஆண்டு நிர்வாகம் அவளுக்கு ஒரு கூடுதல் வேலை கொடுத்தது. நடந்தால் நெஞ்சைப் பிடிக்கும், நின்றால் விடும். படியேறினால் வரும், உட்கார்ந்தால் போகும். ஆளைத் திடீரென்று சாய்க்கும் மாரடைப்பு அல்ல அது. ஒரே அளவாக, ஒரே மாதிரி, கூடவே குடியிருக்கும் வலி. டாக்டர்கள் அதை நிலையான நெஞ்சுவலி என்பார்கள். அந்த வலிக்கு இந்த ஆஸ்பத்திரியில் என்னென்ன மருந்துகள் எழுதப்படுகின்றன, எழுத வேண்டியவை விடுபடுகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டு இறுதியில் பல ஆஸ்பத்திரிகள் கூடும் கூட்டத்தில் அதை வாசிப்பார்கள்.

அவள் வாரக்கணக்கில் சீட்டுகளைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவளுக்கு மகிழ்ச்சி கூடியது. இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை இருந்தது. ரத்தம் உறையாமல் காக்கும் சின்ன மாத்திரை இருந்தது. கொழுப்பைக் குறைப்பது, வலி வந்தவுடன் நாக்குக்கு அடியில் வைப்பது, ரத்தக் குழாயைத் தளர்த்திவிடும் நைட்ரேட் மாத்திரை என்று யாருக்கு எது வேண்டுமோ அது தவறாமல் எழுதப்பட்டிருந்தது. இதயப் பிரிவின் தலைவரைப் 'பெரியவர்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் அறிக்கையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம பிரிவு நல்ல பிரிவுன்னு நான் சொல்லிட்டே இருப்பேன், எவனும் நம்ப மாட்டான். இப்ப நீங்க எழுதியே கொடுத்துட்டீங்க. இதைச் சட்டம் போட்டு மாட்டலாம் போலிருக்கே."

அன்று மாலை இதயப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் அவர் செலவில் தேநீர் வந்தது. மூன்றாவது மாடியிலிருந்து வார்டு சிஸ்டர் ஒரு கோப்பையைக் கீழே கொடுத்தனுப்பினாள். மருந்தாளரும் அவளும் ஒரே ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி கீழ்த்தளம், ஒருத்தி மேல்தளம். அதனால் ஒருவரையொருவர் கீழ்வீட்டுக்காரி, மேல்வீட்டுக்காரி என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். 'கீழ்வீட்டுக்காரிக்கு மேல்வீட்டு மரியாதை' என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்துப் போனான் கடைநிலை ஊழியன்.

அடுத்த வாரம், துவாரத்துக்கு வெளியே ஒரு கனத்த குரல் கேட்டது.

"அம்மா, இந்தச் சீட்டுக்கு ஒரு மாசத்துக்குக் கொடுங்க. அப்படியே நெஞ்சுக்குப் புத்தி சொல்ற மாத்திரை ஏதாவது இருந்தா அதையும் போடுங்க."

நிமிர்ந்து பார்த்தாள். அவள் தெரு வழியாகப் போகும் பஸ்ஸின் டிரைவர். பயணிகள் அவரை 'நிதானம்' என்பார்கள். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவரின் கையில் இருக்கும் தேநீர்கூடச் சிந்தாது என்று பேச்சு. அவள் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"ஏண்ணே, நெஞ்சு சொன்ன பேச்சு கேக்கலையா?"

"முதல் வாரம் தங்கமா இருந்துச்சும்மா. வார்டுல படுத்திருந்தப்ப படியேறிக் காமிச்சேன், டாக்டரே கை தட்டினாரு. அப்புறம் என்ன கோபமோ தெரியலை. இப்ப பத்து அடி வேகமா நடந்தா பழையபடி யாரோ நெஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்கு."

"வண்டி ஓட்டுறீங்களா?"

"எங்க! டெப்போ கேட்டுல நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்காங்க. போற வண்டி வர்ற வண்டியைப் பாத்துட்டிருக்கேன். என் வண்டியை ஒருத்தன் எடுத்துட்டுப் போறான். கியர் போடுறான் பாருங்க, எனக்குப் பல்லு கூசுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சீட்டைப் பிடித்திருந்த கை சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் கம்பெனி டாக்டர் பரிசோதனை. ஓடுற பட்டை மேல ஏத்தி நடக்க விடுவாங்க. போன தடவை மாதிரி நடுவுல வலி வந்துச்சுன்னா அவ்வளவுதான், ஸ்டியரிங்கை மறந்துட வேண்டியதுதான்."

"பெரியவர் என்ன சொன்னாரு?"

"அளவைக் கூட்டிப் பாப்போம், கேக்கலைன்னா குழாய்க்குள்ள கம்பி விட்டுச் சரி பண்ணலாம்னாரு. பண்ணட்டும், நான் பயப்படலை. ஆனா அதுக்கு முறை வரணும், அப்புறம் ஓய்வு, அப்புறம் இன்னொரு பரிசோதனை. அதுக்குள்ள என் சீட்டுல வேற ஆள் வேரு விட்டுடுவான்."

"மாத்திரையை விடாம போடுறீங்கதானே?"

அவர் முகம் மாறிவிட்டது. திருடினாயா என்று கேட்டதைப் போல அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் ஒரு நாள் வண்டியை லேட்டா எடுத்தவன் இல்ல. காலைல எட்டு, ராத்திரி எட்டு. டாண்ணு போட்டுடுவேன். வார்டுல எப்படிப் பழக்கினாங்களோ அப்படியே. எங்க வீட்டுக் கடிகாரம் நின்னுபோனாக்கூட என் வீட்டுக்காரி என் மாத்திரையை வெச்சு மணி சொல்லிடுவா."

எட்டு, எட்டு. அவள் அவர் கையில் இருந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள். அதில் இருந்தது அந்த நைட்ரேட் மாத்திரை.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. உடம்பில் இருபத்துநான்கு மணி நேரமும் அது இருந்துகொண்டே இருந்தால் சில நாட்களில் உடம்பு அதற்குப் பழகிப்போய்விடும். வந்த புதிதில் விருந்தாளியை எழுந்து நின்று வரவேற்பார்கள். அவர் இரவு பகலாகக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நாளில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் அல்லவா? அப்படித்தான் இதுவும். அதனால் இதைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டு, இரவு முழுக்க உடம்பை அது இல்லாமல் விட வேண்டும். அப்போதுதான் மறுநாள் காலையில் உடம்பு அதை மறுபடி எழுந்து நின்று வரவேற்கும்.

இது புதுமையான செய்தி அல்ல. டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், அவளுக்கும் நன்றாகத் தெரியும். எல்லோரும் இதைப் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஆனால் தினமும் இரண்டு வேளை என்றால் டாக்டரின் கை தானாக 'ஒன்று, சுழி, ஒன்று' என்று எழுதிவிடும். காலைக்கு ஒன்று, மதியத்துக்குச் சுழி, இரவுக்கு ஒன்று. வார்டில் மருந்து வண்டி காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் புறப்படும். ஆஸ்பத்திரி கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். கீழே மருந்தகத்தில் அவளே உறையில் 'காலை, இரவு' என்று ஒட்டி அனுப்புவாள். நேரத்தை டாக்டர் பார்த்திருப்பார் என்று சிஸ்டர் நினைத்தாள். சிஸ்டர் பார்த்துக்கொள்வாள் என்று டாக்டர் நினைத்தார். இரண்டு பேரும் பார்த்திருப்பார்கள் என்று இவள் நினைத்தாள்.

சட்டம் போட்டு மாட்ட வேண்டிய அறிக்கையில் அவள் என்ன மருந்து என்று பார்த்திருந்தாள். எப்போது என்று பார்க்கவே இல்லை.

"அண்ணே, ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோங்க" என்றாள். "நாளைக்கு இதே நேரத்துக்கு வாங்க. அதுக்குள்ள நீங்களா எதையும் மாத்த வேண்டாம். பெரியவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள்தான் தோண்டித் துருவிக் கேட்டாள்.

"இப்ப தப்பு யாரோடதும்மா?"

"எல்லாரோடதும்தான்."

"அப்ப உன்னை மட்டும் யாரும் திட்ட மாட்டாங்கல்ல?"

"நீ வேற. எல்லாரோட தப்பையும் யாரு போய்ச் சொல்றாங்களோ, அவங்களைத்தான் எல்லாரும் சேர்ந்து திட்டுவாங்க."

"திட்டினா திட்டட்டும்மா. வாங்கிக்க. அந்த பஸ் மாமா கேட்டுல உக்காந்துட்டிருக்காரே, பாவம்ல?"

கணவர் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துக்கொண்டே, "கேட்டியா? இந்த வீட்டுல இப்ப வழி சொல்றவங்க ரெண்டு பேரு" என்றார்.

மறுநாள் காலையில் அவள் பெரியவரின் அறைக்குப் போனாள். மேசையில் அவளுடைய அறிக்கை புது அட்டை போட்டு வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

பெரியவருக்கு முதலில் கோபம் வந்தது. "ரெண்டு வேளைன்னா அந்த மாத்திரைக்குக் காலையும் மதியமும்தான்னு யாருக்கும்மா தெரியாது? படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும் சார். அதனாலதான் யாரும் யார்கிட்டயும் சொல்லலை."

அவர் மணியை அழுத்தி, வார்டில் அன்று இருந்தவர்களின் மருந்துச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்தே இருந்தது. ஒன்று, சுழி, ஒன்று. கடைசிச் சீட்டைக் கீழே வைத்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. சின்னப் பையன் பிடிபட்டதைப் போல ஓர் அசட்டுச் சிரிப்பு வந்தது.

"இந்தக் கை இருக்கே, இதுக்கு என் மண்டை சொன்னாலும் ஏறாது போலிருக்கு. எத்தனை வருஷப் பழக்கம்! அந்த டிரைவருக்கு மாத்திரை கேக்கலைன்னு நானே அளவைக் கூட்டப் பாத்தேன். மருந்து கேக்காம போனது அவருக்கு இல்ல, என் மண்டைக்குத்தான்." அறிக்கையை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதைத் திருத்துங்க. நேரம்னு ஒரு பகுதி சேருங்க. அதுல நாம தோத்துட்டோம்னு எழுதுங்க. மழுப்ப வேண்டாம்."

"கூட்டத்துல வாசிக்கணுமே சார்."

"நானே வாசிக்கிறேன். முதல்ல டிரைவர். அப்புறம் வார்டு. கூட்டம் எங்க போயிடப் போகுது?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெரிய மனிதர் தன் கையெழுத்தைத் தானே தப்பென்று சொல்வதைப் பார்ப்பது சின்ன விஷயமா? இப்படிப்பட்டவரிடம் வேலை பார்க்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தலை நிமிர்ந்தது.

டிரைவர் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். பெரியவரே கீழே இறங்கி வந்து அவரிடம் பேசினார். காலை எட்டு, மதியம் இரண்டு. இரவில் அந்த மாத்திரை கிடையாது. நாக்குக்கு அடியில் வைப்பது எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ராத்திரியில் வலி வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

"அப்ப அளவைக் கூட்டலையா டாக்டர்?"

"கூட்டலை. நேரத்தை மட்டும் மாத்துறோம்."

நிதானம் தலையாட்டினார். "புரியுது டாக்டர். வண்டி நல்ல வண்டிதான், டயம் டேபிள்தான் தப்பு."

வார்டில்தான் சிக்கல். இரண்டு மணி என்பது அங்கே யாருக்கும் சொந்தமில்லாத நேரம். பார்வையாளர்கள் வெளியே போகும் நேரம். காலை நர்ஸுகள் மதிய நர்ஸுகளிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம். முறை வைத்து ஓடிப்போய் ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டு வரும் நேரமும் அதுதான். வார்டு சிஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் கீழ்வீட்டுக்காரி, உன் மாத்திரைக்கு ராத்திரி ஓய்வு வேணும். சரி. என் பிள்ளைங்களுக்கு மத்தியானம் ஓய்வு வேண்டாமா? காலைல இருந்து நின்னுட்டிருக்குதுங்க. அந்த ஒரு வேளைச் சோத்துலயும் மண்ணைப் போட வந்துட்டியா?"

"வேற நேரம் சரிப்படாதுக்கா. ரொம்பத் தள்ளிப்போட்டா ராத்திரியிலயும் மருந்து உடம்புலயே தங்கிடும்."

"ஆஸ்பத்திரில இருக்கிற நாலு நாளைக்கு என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போகுது? வீட்டுக்குப் போறப்ப உறையில சரியா எழுதிக் கொடு. போதும்."

"இங்க பழகுறதைத்தான்க்கா வீட்டுல செய்யிறாங்க. அந்த டிரைவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'வார்டுல எப்படிப் பழக்கினாங்களோ அப்படியே'ன்னாரு. நீ சொன்னதை அவரு வேதவாக்கா எடுத்துக்கிட்டு ஒரு நாள்கூடத் தவறலை. தவறியிருந்தா ஒருவேளை நல்லா இருந்திருப்பாரு."

சிஸ்டர் விறுவிறுவென்று வார்டுக்குள் போனாள். ஒவ்வொரு கட்டிலாக நின்று ஏதோ கேட்டாள். சன்னல் ஓரக் கட்டிலில் இருந்த தையல்காரம்மா, நடந்து காட்டி நெஞ்சைத் தொட்டுக் காண்பித்தாள். சிஸ்டர் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அந்தம்மாவும் அதையேதான் சொல்லுது. முதல்ல நல்லா இருந்துச்சாம், இப்ப இல்லையாம். வயசாயிடுச்சுல்லன்னு நான் தினம் சமாதானம் சொல்லிட்டிருந்தேன்." மருந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு தரம் முன்னும் பின்னும் உருட்டினாள். "நாளைல இருந்து ரெண்டு மணிக்கு வண்டி புறப்படும். பிள்ளைங்க சாப்பாட்டுல கை வைக்க மாட்டேன். நானே ஓட்டுறேன்."

"நீ எப்பக்கா சாப்பிடுவ?"

"இந்த உடம்பு ஒரு மணி நேரம் தாமதமா சாப்பிட்டா ஒண்ணும் இளைச்சுடாது. போடி, போய் உன் உறையைத் திருத்து."

மறுநாள் இரண்டு மணிக்கு வண்டி புறப்பட்டது. சக்கரம் கிறீச்சிட்டது. நோயாளிகள், "என்ன சிஸ்டர், இந்த நேரத்துல ஊர்வலம்?" என்று கேலி செய்தார்கள். இளம் நர்ஸுகள் தட்டோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிஸ்டர் யாரையும் கண்டுகொள்ளாமல் கட்டில் கட்டிலாகப் போனாள். ஒவ்வொருவரிடமும், "இது மதியத்துக்கு. வீட்டுலயும் மதியத்துக்குத்தான். ராத்திரிக்கு எடுத்தீங்கன்னா வந்து உதைப்பேன்" என்று சொன்னாள். இதைவிடத் தெளிவான உறையை எந்த மருந்தகத்திலும் அச்சடிக்க முடியாது.

நாட்கள் போயின. தையல்காரம்மா கழிப்பறை வரை நிற்காமல் நடந்தாள் என்ற செய்தி மேலேயிருந்து வந்தது. நிதானத்திடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. கம்பெனி டாக்டரின் பரிசோதனை நாள் வந்தது, போனது. மருந்தாளர் துவாரத்துக்கு வெளியே கேட்கும் ஒவ்வொரு கனத்த குரலுக்கும் நிமிர்ந்து பார்த்தாள். காலைப் பிரார்த்தனை ஒரு வரி நீண்டது. "அந்த மனுஷனை அவரோட சீட்டுல உக்கார வெச்சுடு" என்பது அந்த வரி.

ஒரு மாலையில் அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். தூரத்தில் பஸ் வந்தது. நிறுத்தத்துக்கு வந்து, ஒரு குலுக்கல் இல்லாமல், தண்ணீரில் படகு ஒதுங்குவதைப் போல நின்றது. அவளுக்கு யார் என்று நிமிர்ந்து பார்க்காமலேயே தெரிந்துவிட்டது.

"ஏறுங்கம்மா, ஏறுங்க. உங்க ஒருத்தருக்காக டயம் டேபிளை மாத்த முடியாது" என்றது கனத்த குரல்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "என்ன நிதானம், கேட்டுல உக்கார வெச்சுட்டாங்கன்னு சொன்னாங்க? தப்பிச்சு வந்துட்டியா?" என்றாள்.

"நான் இல்லாம வண்டி அழுதுச்சாம் அத்தை. கூப்பிட்டுக் கொடுத்துட்டாங்க."

வண்டியை எடுப்பதற்கு முன் அவர் மருந்தாளர் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பட்டையில கடைசி வரைக்கும் நடந்தேம்மா. கம்பெனி டாக்டர் ரெண்டு தரம் சீட்டைப் பாத்தாரு. 'போன தடவைக்கும் இப்பவும் மருந்து அதேதானே, யாரு என்ன பண்ணினாங்க?'ன்னு கேட்டாரு. எங்க ஆஸ்பத்திரின்னு சொன்னேன். எங்க ஆஸ்பத்திரில நேரம் பாத்து வேலை செய்யிறவங்க இருக்காங்கன்னு சொன்னேன்."

எங்க ஆஸ்பத்திரி. அந்த இரண்டு சொற்களை அவள் வீடு வரை சுமந்துகொண்டு போனாள். அன்று கணவர் உள்ளிருந்து கொடுத்த குரலுக்கு அவள் முறைக்கவில்லை. "ஆமா, வந்தாச்சு" என்றாள்.

ஆண்டு இறுதிக் கூட்டத்தில் பெரியவர் சொன்னபடியே தானே வாசித்தார். மழுப்பவில்லை. "சரியான மருந்தைத் தவறான நேரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொடுத்தவர்களில் முதல் ஆள் நான்" என்று அவர் சொன்னபோது பெரிய அரங்கு அசையாமல் கேட்டது. பிறகு நான்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவர்கள் எழுந்து, தங்கள் வார்டிலும் அந்த வண்டி எட்டுக்கும் எட்டுக்கும்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். மருந்தாளரை மேடைக்கு அழைத்துக் கை தட்டினார்கள். வார்டு சிஸ்டரையும் பெரியவர் பாராட்டிப் பேசி, எழுந்து நிற்கும்படி கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மணி இரண்டாகியிருந்தது. அவள் வார்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைதட்டல் மருந்தாளருக்குப் பாதிதான் இனித்தது. கூட்டம் முடிந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் நேராக மூன்றாவது மாடிக்கு ஏறினாள். சிஸ்டர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அறை மூலையில் நின்றபடியே ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னடி, மாலை போட்டாங்களா?"

"உன் பேரைச் சொல்லிக் கை தட்டினாங்க. நீ அங்க இல்ல."

"கை தட்டினா வயிறு ரொம்புமா? இந்தச் சோறு சூடாகுமா? போ, போய் வேலையைப் பாரு." சிரித்துக்கொண்டே சொன்னாள். வாயில் இருந்த உருண்டையைத் தண்ணீர் விட்டு விழுங்கினாள்.

மேசையில் திறந்தபடி கிடந்த மருந்து டப்பாக்களையும் கிண்ணங்களையும் பார்த்ததும் மருந்தாளருக்குப் புரிந்தது. வண்டி ஓட்டுவதற்கு அத்தனை நேரம் ஆவதில்லை. அதற்கு முன்னால் பெரிய டப்பாக்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் மாத்திரையைப் பிரித்து, சீட்டைப் பார்த்து, கிண்ணத்தில் போட்டு அடுக்குவதற்குத்தான் சாப்பாட்டு நேரம் முழுவதும் போகிறது. தனி ஒருத்தி கை அது. டிரைவரின் ஸ்டியரிங், தையல்காரம்மாவின் நடை, அரங்கின் கைதட்டல் எல்லாம் அந்தக் கையில்தான் வந்து முடிகின்றன. நன்றி என்று வாயால் சொன்னால் மேல்வீட்டுக்காரி நிச்சயம் சண்டைக்கு வருவாள்.

அடுத்த நாள் முதல் மருந்தாளர் தன் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டாள். மதியம் துவாரத்தை மூடியதும் மருந்தகத்தின் உள்ளே உட்கார்ந்து, மேலே அனுப்ப வேண்டிய இரண்டு மணி மாத்திரைகளை ஆளுக்கொரு சின்ன உறையாகப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் கட்டில் எண்ணை எழுதி, சீட்டோடு ஒத்துப் பார்த்து, வண்டி போகும் வரிசையிலேயே அடுக்கினாள். கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை சரிபார்ப்பது சிஸ்டரின் வேலை. அதை யாரும் அவளிடமிருந்து வாங்க முடியாது. பிரிக்கிற வேலையை வாங்கலாம்.

சிஸ்டர் மாத்திரை பிரிக்க உட்காருவதற்கு முன்பே, நர்ஸுகள் உள்ளறையில் கூடியிருக்கும் நேரத்தில் அவள் பின்படி வழியாக மேலே ஏறினாள். நடைகூடத்தில் யாரும் இல்லை. மருந்து வண்டியின் சாவி அவளிடமும் ஒன்று உண்டு. மேல் தட்டைத் திறந்து உறைகளை வரிசை கலையாமல் வைத்தாள். மூடிப் பூட்டினாள். கிறீச்சிடும் சக்கரத்தின் அச்சில், வரும்போதே பஞ்சில் நனைத்து எடுத்துவந்த எண்ணெயை இரண்டு சொட்டுப் பிழிந்தாள். உள்ளறையில், "யாருடி என் சோத்து டப்பாவை ஒளிச்சு வெச்சது? நான் மாத்திரையைப் பிரிச்சுட்டு வர்றதுக்குள்ள இன்னிக்கும் ஆறிப்போயிடும்!" என்று சிஸ்டர் அதட்டும் குரல் கேட்டது.

மருந்தாளர் செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கினாள்.